கன்றேக்கம்

மாடுகளுக்கும் வாய்ப்பேச்சு இருந்த அந்தக் காலத்தில், காளைகளுக்குத் திமில் கிடையாது. முதுகு கன்றுக்குட்டியின் முதுகைப் போல வழவழவென்று இருக்கும். எத்தனை வயதானாலும் வாலைத் தூக்கிக்கொண்டு காரணமே இல்லாமல் துள்ளும். ஏர் இழுப்பது மனிதனின் பாடு. இழுக்கட்டுமே, அவன்தானே சோறு கேட்கிறான்!

ஒரு வருஷம் மழை பொய்த்தது. மயிலை என்ற இளங்காளையின் தாய் எழுந்திருக்க முடியாமல் படுத்துவிட்டாள். காடெல்லாம் தேடியும் ஒரு வாய்ப் புல் இல்லை. நல்லாண்டி என்ற குடியானவனிடம் மட்டும் வைக்கோல்போரும் வற்றாத கிணறும் இருந்தன. மயிலை அவனிடம் போய் நின்றான்.

"அம்மா செத்துருவாங்கண்ணா. கொஞ்சம் வைக்கோல் குடுங்க."

நல்லாண்டி கெட்டவன் இல்லை. ஏர் இழுத்து இழுத்து அவன் தோள் புண்ணாகியிருந்தது.

"தர்றேன். எனக்குப் பதிலா நீ ஏர் இழுப்பியா? ஆனா துள்ளக் கூடாது. துள்ளினா சால் கோணிரும்."

"துள்ளாம எப்படிண்ணா இருக்கறது? அது தானா வருதே!"

"அப்படின்னா உன் துள்ளலை முதுகுலயே கட்டி வெச்சிருவோம். அறுப்பு முடிஞ்சதும் அவுத்து விட்டர்றேன்."

மயிலை யோசிக்கவில்லை. பெற்றவளைவிடத் துள்ளல் பெரிதா? நல்லாண்டி அவன் கால்களிலிருந்த துள்ளலையெல்லாம் வழித்தெடுத்து முதுகில் மூட்டையாக ஏற்றினான். அது இறங்கிவிடாதபடி அதற்கு முன்னால் நுகத்தடியைப் பூட்டினான்.

தாய் பிழைத்தாள். மழையும் வந்தது. மயிலை உழுத சால்கள் நூல் பிடித்த மாதிரி இருந்தன.

அறுப்பு முடிந்ததும் நல்லாண்டி சொன்ன சொல் தவறவில்லை. நுகத்தடியை அவிழ்த்துவிட்டு, "போடா ராஜா, ஆசை தீரத் துள்ளு" என்றான்.

மயிலை வெட்டவெளியில் இறங்கி நேராக நடந்தான். கோடிக்குப் போய்த் திரும்பினான். ஒரு சால் தள்ளி, மறுபடியும் நேராக நடந்து வந்தான்.

"துள்ளேன்டா!" என்று நல்லாண்டி கெஞ்சினான்.

"எந்தக் காலை முதல்ல தூக்கறதுன்னு ஞாபகம் வரலீங்கண்ணா."

தாய் ஓடிவந்தாள். "எனக்காகவாடா சாமி?" என்று அழுதபடி அவன் முதுகு மேட்டை நக்கி நக்கிப் பார்த்தாள். அது இறுகிப்போயிருந்தது. கரையவே இல்லை.

அன்று முதல்தான் காளைகள் முதுகில் திமிலைச் சுமக்கின்றன. எங்காவது ஒரு கன்று துள்ளினால், மேய்ச்சலை விட்டுவிட்டு அப்படியே நின்று பார்க்கின்றன. அப்படி நிற்பதற்குத்தான் மாடுகள் கன்றேக்கம் என்று பேர் வைத்தன.