வழுதிக்கிழமை

முன்னொரு காலத்தில் கொன்றைவளநாடு என்றொரு நாடு இருந்தது. அதைப் பெருந்தோள் வழுதி என்கிற ராசா ஆண்டுவந்தார். தோள் சாதாரணத் தோள்தான். பெயரை அவரே வைத்துக்கொண்டார்.

ராசாவுக்குத் திடீரென்று ஒரு மண்டப ஆசை வந்தது. கண்ணாடி மாதிரி சுவர் பளபளக்க வேண்டும், தைப் பொங்கலன்று அதில் தான் முகம் பார்க்க வேண்டும் என்றார். அந்தப் பளபளப்புக்குச் சுண்ணாம்பைக் கடுக்காய்த் தண்ணீர் விட்டு வெண்ணெய் பதத்துக்கு இடிக்க வேண்டும். இருநூறு பேர் வாரத்தில் ஏழு நாளும் இடித்தார்கள், பூசினார்கள். நாலாவது மாதம் கரியான் என்கிற பூச்சு வேலைக்காரன் சாரத்தின் மேலேயே தூங்கிப்போய்க் கீழே விழுந்து காலை முறித்துக்கொண்டான்.

அவன் பெண்டாட்டி வடிவி, சுண்ணாம்பு இடிக்கிறவர்களுக்குத் தலைவி. புருசனைக் கட்டிலில் போட்டுவிட்டு நேராக அரசவைக்கு வந்தாள். அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. அழுகையை வாசலிலேயே துடைத்துவிட்டாள்.

"மகாராசா, வாரத்துல ரெண்டு நாள் எங்களுக்கு ஓய்வு வேணும். இல்லேன்னா இன்னிக்கு எம்புருசன், நாளைக்கு இன்னொருத்தி புருசன்."

ராசா பதில் சொல்வதற்குள் அரண்மனைச் சோதிடர் சர்வசித்தி எழுந்துவிட்டார். ராசா தன்னைத் தவிர வேறு யார் பேச்சைக் கேட்டாலும் அவருக்கு வயிறு எரியும்.

"பிரபு, இது சோம்பேறித்தனம். ஏழு நாளில் வேலை முடியவில்லை என்றால் வாரம் சிறியது என்றுதானே அர்த்தம்? வாரத்துக்கு எட்டு நாள் ஆக்கிவிடலாம். சனிக்கும் ஞாயிறுக்கும் நடுவே 'வழுதிக்கிழமை' என்று தங்கள் திருப்பெயரில் ஒரு நாள்!"

ராசா முகம் மலர்ந்தது. தன் பெயரில் தெரு இருந்தது, குளம் இருந்தது, ஒரு வகைக் கத்தரிக்காய்கூட இருந்தது. கிழமை இல்லை.

ஆனாலும் ராசாவுக்கு வேடிக்கை பார்க்கப் பிடிக்கும். "வடிவி, தினமும் வேலை செய்யக்கூடாது என்று இந்தச் சோதிடர் வாயாலேயே இந்தச் சபையில் சொல்ல வை. சொல்லிவிட்டால் வாரத்தில் ரெண்டு நாள் ஓய்வு தருகிறேன். முடியாவிட்டால் நாளை முதல் வாரத்துக்கு எட்டு நாள், எட்டும் வேலை நாள்" என்றார்.

வடிவி சோதிடரைக் கும்பிட்டாள். "சாமி, நாங்க படிக்காதவங்க. மகாராசா மண்டபத்துக்குப் பூச்சுப் போட ஆகாத நாள்னு ஏதாச்சும் உண்டா? இல்ல, எல்லா நாளும் ஒண்ணுதானா?"

சோதிடர் பஞ்சாங்கத்தை எடுத்தார். பிரிக்காமல் மடியில் வைத்துக்கொண்டார்.

ராசா சிம்மாசனத்தில் முன்னால் சாய்ந்தார். "சொல்லும். எல்லா நாளும் ஒன்றுதான் என்றால் உமக்கு எதற்கு நான் கொடுத்த பல்லக்கு?"

"ஒன்று எப்படியாகும் பிரபு! அஷ்டமி, நவமி ஆகவே ஆகாது."

"ஆகாத நாளில் பூசினால்?"

"மண்டபம் உடையவருக்கு ஆகாது."

உடையவரான ராசா தன் கழுத்தைத் தடவிக்கொண்டார். "ஆகாத நாளையெல்லாம் ஒன்று விடாமல் வாசியும்!"

சோதிடர் பஞ்சாங்கத்தைப் பிரித்தார். பிரித்த பிறகு அவரைப் பிடிக்க முடியவில்லை. அமாவாசை, அதற்கு மறுநாள், கரிநாள், மரணயோகம், ராசாவின் சந்திராஷ்டமம் என்று விரலை மடக்கிக்கொண்டே போனார்.

"செவ்வாக்கிழமையில கட்டட வேலை ஆகுமா சாமி?" என்று வடிவி பணிவாகக் கேட்டாள்.

"சீச்சீ, நெருப்புப் பயம். சனியும் கூடாது."

"மண்டபத்துக்கு உகந்த நாள் மாதத்தில் எத்தனைதான் மிச்சம்?" என்றார் ராசா.

சோதிடர் நிமிர்ந்து, பெருமையாகச் சொன்னார். "அப்பழுக்கில்லாமல் ஒன்பது, பிரபு."

சபையில் சிரிப்பு கிளம்பியது. சோதிடருக்குத் தான் என்ன சொன்னோம் என்பது அப்போதுதான் உறைத்தது.

"மகாராசா, நாங்க மாசத்துக்கு எட்டு நாள்தான் ஓய்வு கேட்டோம். சாமி இருபத்தோரு நாள் குடுத்துட்டாரு. அவ்வளவு எங்களுக்கு வேண்டாம்" என்றாள் வடிவி.

ராசா சிம்மாசனத்தை விட்டு எழுந்துவிட்டார். "ஒன்பது நாளில் பூசினால் என் பேரன்தானே முகம் பார்ப்பான்!"

"மாசத்துக்கு இருபத்திரெண்டு நாள் பூசுறோம் மகாராசா. ராகு காலத்துல மட்டும் கரண்டியைக் கீழ வைக்கிறோம். அப்படி வெச்சுட்டா மிச்ச நாளோட தோசமெல்லாம் பூசுற எங்க கைக்கு வந்துடும், உங்களுக்கு இல்ல. வேணும்னா சாமியையே கேளுங்க."

சோதிடர் தலையாட்டினார். ஆட்டாவிட்டால் மண்டபம் தாமதமான பழி அவர் தலையில்தான்.

ராசா விரலை மடக்கிக் கணக்குப் போட்டார். "பதின்மூன்று நாள் கூடுதலாக உழைக்கிறேன் என்கிறாள். இவளையா ஐயா சோம்பேறி என்றீர்? வாரத்தில் ரெண்டு நாள் ஓய்வு, இன்று முதல். கரியான் எழுந்து நடக்கிறவரை அவனுக்கு அரண்மனைச் சாப்பாடு. மண்டபம் முடிகிறவரை நீர் இவளிடம் சுண்ணாம்பு இடியும்." பிறகு குரல் தாழ்ந்தது. "என் கிழமைதான் போய்விட்டது."

வடிவிக்குப் பாவமாக இருந்தது. "போகல மகாராசா. ஓய்வு நாள் ரெண்டுல ஒண்ணுக்கு உங்க பேரை வைக்கிறோம்."

மறுநாள் சோதிடர் உலக்கையோடு வந்து நின்று, "இப்போது ராகு காலம்" என்றார்.

"மூணே முக்கால் நாழிகைதான் சாமி. உக்காருங்க, முடிஞ்சதும் இடிக்கலாம்" என்றாள் வடிவி.

முதல் வழுதிக்கிழமை வந்தது. தன் பெயரை ஊரே வாழ்த்துவதைக் கேட்க ராசா மாறுவேடத்தில் தெருத்தெருவாக நடந்தார். பட்டப்பகலில் ஒரு பேச்சுச் சத்தம் இல்லை. கரியான் வீட்டு வாசலில் நின்று காதைத் தீட்டினார். உள்ளே புருசனும் பெண்டாட்டியும் போட்டி போட்டுக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்கள்.

ராசா கொஞ்ச நேரம் நின்று கேட்டார். எழுப்பக் கூடாது என்று செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு திரும்பிப் போனார்.