நம்மவர் கப்பல்

“தாயே, நான் படைத்தலைவனா, கொள்ளைக்காரனா?”

கப்பலை நங்கூரமிட்டுவிட்டு, முழங்கால் தண்ணீரில் நடந்து வந்து, மூச்சு வாங்கக் கேட்டான் கொற்றன்.

நல்லினி அம்மை ஆடுகளுக்குத் தழை போட்டுக்கொண்டிருந்தாள். கொற்றனுக்கு ஐம்பது வயது. அவளுக்கு முப்பதுகூட இருக்காது. ஆனாலும் அந்தக் கரையோரத்தில் யாருக்கு மனம் குழம்பினாலும் அவளுடைய தீவைத் தேடித்தான் வருவார்கள்.

“யார் என்ன சொல்கிறார்கள்?”

“மூத்த இளவரசர் என்னைத் தம்முடைய கடற்படைத் தலைவன் என்கிறார். இளையவர், கையில் கிடைத்தால் கழுவேற்ற வேண்டிய திருடன் என்கிறார்.”

அண்ணன் தம்பி சண்டை தொடங்கி மூன்று வருடமாகிறது. அரியணை யாருக்கு என்று தரையில் இன்னும் முடிவாகவில்லை. கடலில் மட்டும் முடிவாகியிருந்தது: இளையவரின் நண்டுக்கொடி பறக்கும் எந்தக் கப்பலும் கொற்றனைத் தாண்டிப் போனதில்லை.

“நீ என்ன சொல்கிறாய்?”

“படைத்தலைவன் என்றுதான் சொல்கிறேன். சொல்லும்போது குரல் கம்மிவிடுகிறது.”

அம்மை கையில் ஒட்டிய தழையைத் தட்டிவிட்டாள்.

“என்னையும் கடலுக்குக் கூட்டிப்போ.”

“ஐயோ, அது சண்டைக் கப்பல் தாயே!”

“ஒரு ஓரமாக உட்கார்ந்துகொள்கிறேன்.”

உட்கார்ந்துகொண்டாள். கப்பலில் இருந்த முப்பது முரட்டு ஆட்களும் அன்று காலை முழுக்க ஒரு கெட்ட வார்த்தை பேசவில்லை. பாவம், மிகவும் சிரமப்பட்டார்கள்.

உச்சி வேளையில் தெற்கே ஒரு பாய் தெரிந்தது.

“சரக்குக் கப்பல்! வயிறு முட்ட ஏற்றியிருக்கிறார்கள், தண்ணீரில் எப்படி அமுங்கிப் போகிறது பாருங்கள்!” என்று கூவினான் சுக்கான் பிடிக்கும் வேட்டன்.

கொற்றனுக்குப் பத்து வயது குறைந்துவிட்டது. பாயை இழுத்துக் கட்டச் சொன்னான். தானே துடுப்புக்காரர்களுக்குத் தாளம் போட்டான். அலை முகத்தில் அடித்தது, சிரித்தான். கப்பல் கிட்டே வந்தது. இன்னும் கிட்டே.

அப்போது அந்தக் கப்பலின் கொடிமரத்தில் அவசர அவசரமாக ஒரு கொடி ஏறியது.

சங்குக்கொடி. மூத்தவரின் கொடி.

“சே!” என்றான் கொற்றன். “நம்மவர்கள்.”

துடுப்புகள் நின்றன. வேட்டன் மெல்லக் கனைத்தான்.

“தலைவா, வெயிலில் கண் கூசுகிறது. கொடி சரியாகத் தெரியவில்லை என்று வைத்துக்கொள்ளலாமே?”

கொற்றன் அமுங்கிப் போகும் அந்தக் கப்பலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஓரத்திலிருந்து அம்மை கேட்டாள்:

“சொந்தக்காரர்களைப் பார்த்ததும் உன் முகம் ஏன் கொற்றா இப்படித் தொங்கிப்போயிற்று?”

கொற்றன் தாடையைத் தடவிப் பார்த்தான், முகம் உண்மையிலேயே தொங்கியிருக்கிறதா என்பதுபோல. பிறகு தொப்பென்று பலகையில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தான். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தான்.

ஆட்களுக்கு ஒன்றும் புரியவில்லை.

இதற்குள் அந்தச் சரக்குக் கப்பல்காரர்கள் தாங்களாகவே பாயை இறக்கிவிட்டார்கள். மூட்டைகளை மேல்தளத்தில் அடுக்கி வைத்தார்கள். அதன் தலைவன், ஒல்லியான ஓர் ஆள், கைகூப்பி நின்றான்.

“எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளுங்கள் ஐயா. உயிரை மட்டும் விட்டுவிடுங்கள்.”

“யோவ், நாங்களும் சங்குக்கொடிதான்!” என்றான் கொற்றன் சிரித்துக்கொண்டே.

“தெரியும் ஐயா. அதனால்தான் கெஞ்சிப் பார்க்கிறேன்.”

கொற்றனின் சிரிப்பு நின்றது.

“எங்கே போகிறீர்கள்?”

“பவளத்துறைக்கு. அரிசி. அங்கே ஊரே பட்டினி. கழுகுமுனையைத் தாண்டத்தான் பயமாக இருக்கிறது, அங்கே கொள்ளையர்கள் இருக்கிறார்களாம்.”

“எந்தப் பக்கத்துக் கொள்ளையர்கள்?”

“அதை விசாரித்துவிட்டா ஐயா ஓட முடியும்?”

கொற்றன் வேட்டனைப் பார்த்தான்.

“இவர்கள் பக்கத்திலேயே போ. துறை வரைக்கும்.”

கழுகுமுனையில் இரண்டு கப்பல்கள் பாறைக்குப் பின்னாலிருந்து மூக்கை நீட்டின. கொற்றனின் பாயைப் பார்த்ததும் மூக்கை உள்ளே இழுத்துக்கொண்டன. பொழுது சாயும் முன் பவளத்துறை தெரிந்தது.

பிரியும்போது அந்த ஒல்லித் தலைவன் ஒரு மூட்டை அரிசியைக் கயிற்றில் கட்டி இந்தப் பக்கம் இறக்கினான்.

“இதை என்ன செய்வது?” என்றான் வேட்டன் சந்தேகமாக.

“ஏன்?”

“கொடுத்திருக்கிறார்களே தலைவா. நமக்கு யார் எதைக் கொடுத்தார்கள்?”

சமையல்காரன் உலை வைத்தான். சோற்று வாசனை கப்பல் முழுக்கப் பரவியது. முப்பது பேரும் சட்டியைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். அம்மைக்கும் பசி, நகர்ந்து வந்து உட்கார்ந்தாள்.

“தலைவா! மேற்கே ஒரு கப்பல்!”

எல்லாரும் எழுந்தார்கள். பாய் கிழிந்த சின்னக் கப்பல். காற்றிருந்தும் ஓட முடியாமல் ஆடிக்கொண்டிருந்தது. உச்சியில் நண்டுக்கொடி.

வேட்டன் கை கத்திக்குப் போனது.

“இந்தத் தடவை சந்தேகமே இல்லை. எதிரிதான்!”

முப்பது பேரும் கொற்றனைப் பார்த்தார்கள். கொற்றன் அம்மையைப் பார்த்தான். அவள் சோற்றை ஊதிக்கொண்டிருந்தாள்.

“எத்தனை பேர் இருப்பார்கள்?” என்று கேட்டான் கொற்றன்.

“பன்னிரண்டு தலை தெரிகிறது.”

கொற்றன் சமையல்காரன் பக்கம் திரும்பினான்.

“இன்னொரு உலை வை.”