விழும்போது எடுத்த படம்

ஏகாம்பரம் தன் கேமராவைப் பையோடு மேசைமேல் வைத்தார்.

"இது எனக்கு வேணாம் மேடம். புதுசா யாராவது கத்துக்க வந்தா குடுத்துடுங்க" என்றார்.

மெஹருன்னிசா ஜன்னல்களைச் சாத்திக்கொண்டிருந்தார். வகுப்பு முடிந்து மற்றவர்கள் இறங்கிப் போயிருந்தார்கள். கீழே சைக்கிள் கடையில் யாரோ டியூபுக்குக் காற்றடிக்கும் சத்தம் கேட்டது.

வேலூரில் அந்த மாடி அறையில் ஞாயிறுதோறும் மெஹருன்னிசா புகைப்பட வகுப்பு நடத்தினார். அவருக்கு நாற்பது வயது. ஏகாம்பரத்துக்கு ஐம்பத்து மூன்று. ராணிப்பேட்டையில் ஒரு தோல் தொழிற்சாலையில் சாயப் பிரிவு மேற்பார்வையாளராக இருந்தார். வகுப்பில் எல்லோரையும்விட மூத்தவர் அவர்தான். அவர் ஆசிரியையை மேடம் என்பார், ஆசிரியை அவரை சார் என்பார். யார் குரு, யார் சீடர் என்பதில் இருவருக்கும் குழப்பம் இருந்ததில்லை.

"உக்காருங்க சார்."

அவர் உட்காரவில்லை.

"ஒரு கேள்வி இருக்கு. அதைக் கேட்டுட்டுப் போயிடறேன்."

"கேளுங்க."

"பெத்த பொண்ணு விழும்போது படம் எடுக்கலாமா?"

மெஹருன்னிசா கடைசி ஜன்னலைச் சாத்தாமல் விட்டுவிட்டு வந்து அமர்ந்தார்.

ஏகாம்பரத்தின் மகள் மோனிஷா பன்னிரண்டாம் வகுப்பு படித்தாள். பளு தூக்குவாள். பளு தூக்குபவர்கள் நிறைந்த அவர்கள் ஊரான சத்துவாச்சாரியில் அது ஆச்சரியமான விஷயம் இல்லை. ஆனால் ஏகாம்பரத்துக்கு ஒவ்வொரு நாளும் ஆச்சரியம்தான். பள்ளிக்கூட விழாவில் அவள் கிளி வேஷம் போட்டது, தோசையைக் கையில் பிடித்தபடி தூங்கிப்போனது, காலி கேஸ் சிலிண்டரைத் தோளில் வைத்து மாடி ஏறியபோது பின்னால் அவள் அம்மா கோமளா தலையில் கை வைத்துக்கொண்டு நின்றது என எல்லாவற்றையும் அவர் எடுத்திருந்தார். மீன்கொத்தி, ஏரி, மலையெல்லாம் அதற்கப்புறம்தான். தொழிற்சாலையில் யாராவது டீ குடிக்கக் கூப்பிட்டால், டீ வருவதற்குள் போனில் மகளின் படம் வந்துவிடும்.

அந்த மாதம் திருச்சியில் மாநிலப் போட்டி நடந்தது. குடும்பமே போயிருந்தது. மோனிஷாவுக்குக் கடைசி வாய்ப்பு. எழுபத்திரண்டு கிலோ. தூக்கிவிட்டால் பதக்கம். ஏகாம்பரம் மேடைக்கு எதிரே முழங்காலிட்டுக் காத்திருந்தார். அவள் வழுக்காமலிருக்கக் கையில் வெள்ளை மாவைத் தடவிக்கொண்டு வந்தாள், குனிந்தாள், ஒரே வீச்சில் எடை மாட்டிய இரும்புப் பாரைத் தலைக்கு மேலே கொண்டுபோனாள். அவர் பட்டனை அமுக்கினார். பார் அவள் பின்னால் விழுந்தது. அவள் மேடையில் உட்கார்ந்திருந்தாள்.

பார்வையாளர் வரிசையிலிருந்து கோமளா ஓடி வந்தாள். மகளிடம் போவதற்கு முன்னால் கணவரிடம் நின்றாள்.

"புள்ள விழுதுன்னா ஓடுவீங்களா, பட்டன அமுக்குவீங்களா?"

அதற்குப் பிறகு அவரிடம் அவள் அதிகம் பேசவில்லை.

மோனிஷாவுக்கு அடிபடவில்லை. ஆனால் மேடையின் பின்பக்கத்திலிருந்து யாரோ போனில் எடுத்த வீடியோ அன்றே ஊரெல்லாம் சுற்றியது. அதில் அவள் முதுகும், இரும்பு விழுவதும் மட்டும்தான் தெரிந்தன. பயந்து கையை விட்டுட்டா என்று ஒருவர் எழுதினார். பலர் அதற்குக் கட்டைவிரல் போட்டார்கள். ரயிலில் திரும்பும்போது, மேடைக்குப் பின்னால் நின்று பார்த்த கோச் தணிகைவேலும் அதையே சொன்னார், அன்பாகத்தான்.

"பயம் எல்லாருக்கும் வரும் மோனிஷா. ஆனா பாதியில பாரை விட்டுடக் கூடாது."

அவள் எதிர்த்துப் பேசவில்லை. அவளுக்கே ஞாபகம் இல்லை. எல்லோரும் சொன்னதால் நம்பிவிட்டாள். வீட்டுக்கு வந்ததும் பளு தூக்கும் ஷூவுக்குள் பழைய செய்தித்தாளைத் திணித்து அட்டைப்பெட்டியில் போட்டு மூடினாள். பயிற்சிக்குப் போகவில்லை.

இதையெல்லாம் ஏகாம்பரம் நின்றபடியே சொல்லி முடித்தார்.

"எத்தனை படம் எடுத்தீங்க?" என்று கேட்டார் மெஹருன்னிசா.

"ஒண்ணுதான்."

"பார்த்தீங்களா?"

"பாக்க தைரியம் வரல."

"அழிச்சிட்டீங்களா?"

"அதுக்கும் தைரியம் வரல மேடம்."

மெஹருன்னிசா பையைத் திறந்து கேமராவிலிருந்து கார்டை எடுத்துக் கணினியில் செருகினார். திரையைத் தன் பக்கமாகத் திருப்பிக்கொண்டார். வெகுநேரம் பார்த்தார். ஏகாம்பரம் அவர் முகத்தைப் பார்த்தார். அதில் ஒன்றும் தெரியவில்லை.

"பட்டனை அமுக்கும்போது என்ன பார்த்தீங்க?"

"பார் மேல போயிட்டு இருந்துச்சு."

"அப்புறம்?"

"அப்புறம் இருட்டு. திரும்பத் தெரிஞ்சப்ப கீழ உக்காந்திருந்தா."

"இருட்டு ஏன் வந்துச்சு?"

"படம் எடுக்கிற நொடியில உள்ள இருக்கிற கண்ணாடி மேல ஏறிக்கும். எடுக்கிறவனுக்கு ஒண்ணும் தெரியாது. நீங்கதானே மேடம் சொல்லிக் குடுத்தீங்க."

"அப்படின்னா அந்த நொடியை நீங்களும் பாக்கல."

ஏகாம்பரம் நாற்காலியில் உட்கார்ந்தார்.

மெஹருன்னிசா பெரிய தாளைப் பிரிண்டரில் வைத்தார். படம் மெதுவாக வெளியே வந்தது. காய்ந்ததும் அதைச் சுருட்டி ரப்பர் பேண்டு போட்டு நீட்டினார்.

"இது யாரோட படம் சார்?"

"நான் எடுத்தது."

"யார் எடுத்ததுன்னு கேக்கல."

"மோனிஷாவோட படம்."

"அப்ப அவ கிட்ட குடுத்துடுங்க."

"என் கேள்விக்குப் பதில் சொல்லலையே."

"குடுத்துட்டு வாங்க. அப்பவும் கேள்வி இருந்தா கேளுங்க."

"அதைப் பார்த்து அழுதான்னா?"

"பக்கத்துல இருங்க."

அவர் சுருளை மட்டும் எடுத்துக்கொண்டு படியிறங்கினார். கேமராவைக் கொண்டுபோகும்படி ஆசிரியை சொல்லவில்லை. அவரும் எடுக்கவில்லை.

வீட்டில் அந்தச் சுருள் பீரோவின் மேல் கிடந்தது. வேலையிலிருந்து வந்ததும் ஏகாம்பரம் அதைப் பார்ப்பார். பிறகு மகளைப் பார்ப்பார். பயிற்சிக்குப் போகும் நேரத்தில் அவள் சத்தத்தை அணைத்துவிட்டு டிவி பார்த்துக்கொண்டிருந்தாள். சாப்பாட்டைப் பாதியில் வைத்தாள். நாளைக்குப் பார்க்கலாம் என்று அவர் தினமும் நினைத்தார். நாலைந்து நாள் அப்படிப் போயின.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பக்கத்து வீட்டுப் பெண் சர்க்கரை வாங்க வந்தாள். மோனிஷாவைப் பார்த்து, "விட்டதே நல்லது கண்ணு, பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு இந்த இரும்பு?" என்றாள். மோனிஷா சிரித்தாள். அந்தச் சிரிப்பை ஏகாம்பரம் இதுவரை ஒரு படத்திலும் பார்த்ததில்லை. அது அவள் சிரிப்பே இல்லை.

பக்கத்து வீட்டுப் பெண் போனதும் ஏகாம்பரம் பீரோ மேலிருந்து சுருளை எடுத்தார்.

"மோனி, இங்க வாம்மா."

கூடத்துத் தரையில் விரித்தார். தாள் சுருண்டு சுருண்டு மூடியது. ஒரு பக்கம் தண்ணீர்ச் சொம்பையும், மறுபக்கம் ஊறுகாய் ஜாடியையும் வைத்தார். மோனிஷா என்னவென்று தெரியாமல் வந்தாள். தெரிந்ததும் நின்றுவிட்டாள்.

"அந்தப் படமா?"

"ஆமாம்மா. நானும் இன்னும் பாக்கல. வேணாம்னா சுருட்டிடறேன்."

அவள் முழங்காலிட்டு உட்கார்ந்தாள். அவரும் பக்கத்தில் உட்கார்ந்தார்.

படத்தில் மோனிஷா நின்றுகொண்டிருந்தாள். பார் அவள் தலைக்கு மேலே இருந்தது. இரண்டு கைகளும் காதுகளை ஒட்டி நேராக நின்றன. விரல்கள் கட்டைவிரலின் மேல் இறுகிக் கிடந்தன. வாய் மூடியிருந்தது. கண்கள் நேரே எதிரில் பார்த்தன.

மோனிஷா படத்திலிருந்த தன் முழங்கை மேல் விரலை வைத்தாள்.

"மடங்கல" என்றாள்.

விரலை மேலே கொண்டுபோனாள். உள்ளங்கைகளைப் பார்த்தாள். ஒரு கையை, பிறகு இன்னொரு கையை.

"அப்பா."

"சொல்லும்மா."

"நான் விடலப்பா."

ஏகாம்பரம் படத்தின் மேல் குனிந்தார்.

"பாரு, புடிச்சிருக்கேன். பார் பின்னால சாயுது, அப்பவும் புடிச்சிருக்கேன். கீழ பாரு. வலது கால் திரும்பிக்கிச்சு. குதிகால் தரையில இல்ல. கால்தான்பா போச்சு. நான் விடல."

கோமளா அடுப்படியிலிருந்து ஈரக் கையோடு வந்து நின்றாள். படத்தைப் பார்த்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு குனிந்து மறுபடி பார்த்தாள்.

"பயந்த கண்ணா இது?" என்றாள். யாரைக் கேட்டாள் என்று தெரியவில்லை. பிறகு கணவரிடம் திரும்பினாள். "இதப் போய் இத்தன நாளு பீரோ மேல ஒளிச்சு வச்சீங்களே!"

மோனிஷா சொம்பையும் ஜாடியையும் நகர்த்தினாள். தாள் தானே சுருண்டுகொண்டது. அதை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடி சைக்கிளில் ஏறினாள். ஏகாம்பரம் ஸ்கூட்டரில் பின்னால் போனார்.

பயிற்சிக் கூடத்தில் எல்லோரும் இருந்தார்கள். மோனிஷா நேராகக் கோச்சிடம் போய்ப் படத்தை விரித்துப் பிடித்தாள். தணிகைவேல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார். மற்ற பிள்ளைகளும் இரும்பை வைத்துவிட்டுச் சுற்றி வந்து நின்றார்கள்.

"கை போகல" என்றார் அவர். "கால் போயிருக்கு."

பிறகு நிமிர்ந்து, "நான் சொன்னது தப்பு மோனிஷா" என்றார். எல்லோருக்கும் கேட்கும்படிதான் சொன்னார்.

"காலுன்னா சரி பண்ணிடலாம் இல்ல சார்?"

"பண்ணிடலாம். நாளைக்குக் காலையில வந்துடு."

"இப்பவே ஆரம்பிக்கலாம் சார்."

கோச் அவள் காலைப் பார்த்தார். வீட்டுச் செருப்பு போட்டிருந்தாள்.

"ஷூ எங்க?"

"அப்பா எடுத்துட்டு வருவாரு" என்று அவள் திரும்பிப் பார்த்தாள். ஏகாம்பரம் அங்கே இல்லை. வெளியே ஸ்கூட்டர் கிளம்பும் சத்தம் கேட்டது.

ஞாயிறன்று அவர் வகுப்புக்கு முதல் ஆளாக வந்தார். நடந்ததைச் சொன்னார். மெஹருன்னிசா முழுவதும் கேட்டார்.

"கேள்வி இன்னும் இருக்கா சார்?"

ஏகாம்பரம் மேசைமேல் இருந்த தன் கேமராவை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தார்.

இரண்டு மாதம் கழித்து வகுப்பின் ஆண்டுக் கண்காட்சி வந்தது. ஒருவருக்கு ஒரு படம். ஏகாம்பரம் ஒரு மீன்கொத்தியைக் கொண்டுவந்தார். இறகின் நீலம் அப்படியே வந்திருந்தது.

"நல்லா இருக்கு" என்று சொல்லி அதை ஓரமாக வைத்தார் மெஹருன்னிசா. "இன்னொண்ணு கொண்டு வரலையா?"

"அது தோத்த படம் மேடம். வீட்டுக்குள்ள சரி. ஊரே வந்து பாக்குமே."

மீன்கொத்தியைத் திரும்பக் கையில் எடுத்துக்கொண்டு அவரே மெல்லச் சொன்னார். "அவளைக் கேட்டுட்டு வர்றேன்."

மோனிஷா அதிகம் யோசிக்கவில்லை.

"மாட்டுப்பா. ஆனா கீழ என் பேரை மட்டும் போட்டா பத்தாது. எத்தனை கிலோன்னும் போடு."

அப்படியே எழுதினார்கள். ஏ. மோனிஷா. எழுபத்திரண்டு கிலோ.

கண்காட்சிக்கு அவள் வரவில்லை. சாயங்காலப் பயிற்சி இருந்தது. கோமளா பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்திருந்தாள். எந்தப் படத்தின் முன்னால் யார் நின்றாலும், "அங்க இருக்கிறது எங்க பொண்ணு" என்று சொல்லி அழைத்து வந்தாள். ஏகாம்பரம் இஸ்திரி போட்ட சட்டையில் படத்துக்குப் பக்கத்தில் நின்றார். கொஞ்சம் உட்காருங்கள் என்று நண்பர்கள் சொன்னார்கள். அவர் உட்காரவில்லை. எடுத்தது நீங்களா என்று கேட்டவர்களிடம், "நான் அவ அப்பா" என்றார்.

கையில் ஹெல்மெட்டோடு ஒருவர் வந்தார். படத்தை அருகிலும் தள்ளியும் நின்று பார்த்தார். கீழே எழுதியிருந்ததைப் படித்தார்.

"எழுபத்திரண்டு கிலோவா! என்ன சார், தூக்கிட்டாங்களா?"

ஏகாம்பரம் வாயைத் திறந்தார். தூக்கிவிட்டாள் என்று சொன்னால், அன்று நடுவர்கள் கொடுத்த தீர்ப்பு வேறு. தூக்கவில்லை என்று சொன்னால், சுவரில் மாட்டியிருக்கும் படம் காட்டுவது வேறு. அவர் ஆசிரியையின் பக்கம் திரும்பினார்.

மெஹருன்னிசா அடுத்த சுவரில் சாய்ந்திருந்த ஒரு சட்டத்தை நேராக்கிக்கொண்டிருந்தார். கையை எடுக்காமலே வந்தவரிடம் சொன்னார்.

"நல்லா பாருங்க சார். இன்னும் விடல."