நம்பாதவரின் மொட்டை

மத்தியானம் மெய்யியல் துறைக்குள் நுழைந்த பேராசிரியர் விருத்தகிரியைப் பார்த்ததும் அழகேசனுக்கு மூச்சே நின்றுவிட்டது.

மொட்டை. மழுமழுவென்று மழித்து, சந்தனம் பூசிய மொட்டை.

பதினேழாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் மதத்தைக் கேள்வி கேட்டவர்களைப் பற்றிக் காலமெல்லாம் பாடம் நடத்தியவர் அவர். கோயில் சர்க்கரைப் பொங்கலைக்கூட "நெய் கம்மி" என்று மட்டும் சொல்லிச் சாப்பிடுகிறவர். அவரிடம்தான் அழகேசன் ஆய்வு செய்துகொண்டிருந்தான்.

"சார்... என்ன சார் இது?"

"உன் சேப்டரைப் படிச்சேன். ராஜா சொன்ன மதத்துக்கு மண்டியிட மாட்டேன்னு ஜெயிலுக்குப் போனவங்களைப் பத்தி நல்லா எழுதியிருக்கே. மனசு நம்பாததை உடம்பு செஞ்சா அது பொய். அதானே?"

"சார், தலை!"

"அதுக்குத்தான் வரேன். காலையில உன் அம்மா என் வீட்டுக்கு வந்தாங்க."

அம்மா ஏன் வந்திருப்பாள் என்று அழகேசனுக்குத் தெரியும். அவன் டெங்குவில் கிடந்தபோது, பிள்ளை பிழைத்தால் அவன் முடியைச் சமயபுரத்தாளுக்குத் தருவதாக அம்மா வேண்டிக்கொண்டாள். பிழைத்தான். நம்பாமல் மொட்டை போட்டால் நான் பொய்யன் என்று மறுத்துவிட்டான். அப்படியானால் என் முடியைக் கொடுக்கிறேன் என்று அம்மா போனை வைத்தவள்தான். பிறகு பேசவே இல்லை.

"எங்கிட்ட பேசச் சொன்னாங்களா?"

"இல்லை. 'நீங்க சொன்னா கேப்பான் சார், ஆனா சொல்லாதீங்க. மனசில்லாம அவன் வரவேணாம். ஒழுங்கா சாப்பிடறானா?'ன்னாங்க. கோயிலுக்குக் கிளம்பினாங்க. நானும் கூடப் போனேன்."

"போய்?"

"நாவிதருக்கு முன்னால அவங்க உக்காரப் போன இடத்துல நான் உக்காந்துட்டேன். 'ஆத்தா ஒத்துக்குவாளா சார்?'ன்னாங்க. எனக்கு அவ பழக்கமில்லை, நீங்களே கேளுங்கன்னேன். கண்ணை மூடிக் கேட்டாங்க. ஒத்துக்கிட்டாளாம்."

"நீங்க நம்புறீங்களா சார்?"

"இல்லை."

"அது அம்மாவுக்குத் தெரியுமா?"

"முதல்லயே சொல்லிட்டேன். 'பரவால்ல சார், முடிக்குத் தெரியவா போகுது'ன்னு சிரிச்சாங்க."

"அப்போ உங்க தலை பொய் சொல்லுது சார்!"

பேராசிரியர் தலையைத் தடவினார். விரலில் ஒட்டிய சந்தனத்தைப் பார்த்தார்.

"யார்கிட்ட?"