முன்னவர் முகம் காட்டும் குளம்

சத்தியம்! தலையில் அடித்துச் சத்தியம்! இதில் ஓர் எழுத்து பொய்யானாலும் என் வெள்ளைத் தாடி இந்த நிமிஷமே கருத்துப் போகட்டும்.

“அழகும் நன்மையும் ஒரே ஒளி என்று நீங்கள்தானே பாடம் சொன்னீர்கள்?” என்று கேட்டார் பஸ்ரா நகரத்து நீதிபதி, காஜி ஹைஸம்.

“சொன்னேன்” என்றார் ருமைஸா அம்மையார். காஜியைவிடப் பத்து வயது இளையவர். ஆனாலும் அவருக்கு ஆசான்.

“அதை நம்பித்தான் முகம் பார்த்துத் தீர்ப்புச் சொல்கிறேன். நேற்றும் சொன்னேன். ராத்திரி முழுக்க உறக்கமில்லை.”

“என்ன வழக்கு?”

“ஒரு வணிகரின் முத்துப்பெட்டி களவு போயிற்று. பிடிபட்டவர்கள் இருவர். ஒருவன் வணிகரின் மருமகன், நிலா மாதிரி முகம். இன்னொருவன் சுமைகூலி. அம்மைத் தழும்பு, கோணல் மூக்கு. இன்று பிற்பகல் அஸர் தொழுகை முடிந்ததும் கூலிக்காரன் கையை வெட்டச் சொல்லியிருக்கிறேன்.”

“சாட்சி?”

“சாட்சி எதற்கு? அந்த மூஞ்சியே சாட்சி!”

அம்மையார் எழுந்து கொல்லைப்புறக் குளத்துக்கு நடந்தார். காஜியும் பின்னால் போனார்.

“குனிந்து பாருங்கள்.”

பார்த்தார். தண்ணீரில் தெரிந்தது அவர் முகமில்லை.

“பயப்படாதீர்கள். இந்தத் தண்ணீர் கொஞ்சம் மந்தம். முன்னால் வந்தவர் முகத்தைத்தான் பின்னால் வருபவருக்குக் காட்டும்.”

காஜி பார்த்துக்கொண்டே இருந்தார். வெயில் நகர்ந்தது. ஓர் அத்தியிலை மிதந்து வந்தது, அந்த முகத்தைத் தொடாமல் விலகிப் போனது. மூக்கு எப்படி, கண் எப்படி என்றெல்லாம் அவருக்குத் தோன்றவே இல்லை. நெஞ்சுக்குள் ஏதோ ஒரு தாழ்ப்பாள் விலகியது.

“யார் இந்த மகான்? என் மன்றத்துக்கு வந்தால் எழுந்து நிற்பேன்.”

“வந்தாரே, நேற்று. நீங்கள் எழுந்திருக்கவில்லை.”

“நேற்றா?”

“இன்று விடியலில் காவலர்கள் இங்கே கூட்டி வந்தார்கள். தொழுகைக்கு முன் கை முகம் கழுவி ஒளு செய்ய வேண்டுமென்று கேட்டிருக்கிறான். இரண்டு கையாலும் தண்ணீர் அள்ளுவது கடைசித் தடவை அல்லவா? முகம் கழுவியவன் உங்களுக்காகவும் இறைவனிடம் ஒரு துஆ கேட்டான்.”

“எனக்கா? என்னவென்று?”

“‘பாவம், தீர்ப்புச் சொன்ன மனுஷனுக்கு உறக்கம் வந்திருக்காது. வரட்டும்’ என்று.”

காஜி மறுபடி குனிந்தார். தழும்புகள் இருந்தன. கோணல் மூக்கும் இருந்தது. முதலிலிருந்தே இருந்திருக்கின்றன.

“ஐயோ, இவன் குற்றமற்றவன்! இந்த முகமே போதும்!”

“மறுபடியும் முகமா, காஜியாரே?” அம்மையார் சிரித்துவிட்டார். “போய்ச் சாட்சியை விசாரியுங்கள்!”

அப்போது அஸர் பாங்கு ஒலித்தது. காஜி ஓடினார். ஒரு செருப்பு கரையிலேயே கிடந்தது.

பொழுது சாயும் நேரம். கோணல் மூக்கோடு ஒருவன் குளத்துக்கு வந்தான். இரண்டு கைகளையும் தண்ணீரில் விட்டவன் அப்படியே நின்றுவிட்டான். உள்ளே ஒரு கிழவர், வாய் பிளந்து, தலைப்பாகை சரிந்து, கண் கலங்கி.

“அடடா, யாரம்மா இது?” என்றான் அவன். “எவ்வளவு அழகான மனுஷன்!”

கதையை யாருக்கு வேண்டுமானாலும் சொல்லுங்கள். சொன்னது யார் என்று மட்டும் மூச்சு விடாதீர்கள். அந்தக் குளத்தில் ஒருநாள் நானும் எட்டிப் பார்த்துத் தொலைத்திருக்கிறேன்; எனக்குப் பின்னால் வந்தவர் என் முகத்தில் எதைக் கண்டாரோ!