கை முந்திய குட்டி

“இதோடை விடப் போறன் ரீச்சர். எனக்கு எல்லாம் பிந்திப் போச்சு.”

சொன்னவள் தவமலர். வயது நாற்பத்தேழு. ரீச்சர் வினோதினிக்கு முப்பத்திரண்டு.

மெல்பேர்னில் ஒரு கருவியல் ஆய்வுக்கூடம். அந்தக் கட்டடத்தில் பதினான்கு வருடம் தரை துடைத்தவள் தவமலர். இப்போது அங்கேயே ஆய்வுக்கூட உதவியாளர் படிப்பில் சேர்ந்து இரண்டு மாதம். பக்கத்தில் இருப்பதெல்லாம் இருபது வயதுப் பிள்ளைகள். அவர்கள் ஒரு பக்கம் வாசித்து முடிக்கும்போது இவள் மூன்றாவது வரியில் நிற்பாள்.

விலகல் கடிதம் கைப்பையில் இருந்தது. பின்னேரம் நான்கு மணிக்குள் கொடுத்தால் போதும்.

மூத்தவள் இளையவளை ரீச்சர் என்பாள். இளையவள் மூத்தவளை அக்கா என்பாள். இருவருக்கும் அதில் கூச்சம் இல்லை. கூச்சமெல்லாம் பார்க்கிறவர்களுக்குத்தான்.

“சரி அக்கா. போக முதல் கொப்பியை ஒருக்கால் காட்டுங்கோ.”

போத்தல்களில் பதப்படுத்தி வைத்த கருக்கள், குட்டிகள் பற்றிய குறிப்பு. எல்லாம் தமிழில். முப்பத்தோராம் போத்தலுக்கு நேரே இப்படி எழுதியிருந்தாள்: வலபிக் குட்டி. பிறந்த அன்று. குறைமாசம்.

வினோதினி சிரித்துவிட்டாள். தவமலருக்கு முகம் சுருங்கிப் போயிற்று.

“குறைமாசம் எண்டு ஆர் சொன்னது?”

“பாத்தாலே தெரியுது. அவரைக்கொட்டை அளவு. கண் திறக்கேல்லை. பின்னங்கால் ரெண்டும் வெறும் மொட்டு. எங்கடை ஊரிலை இப்பிடி ஒண்டு பிறந்தால் கோயிலுக்கு நேர்த்தி வைப்பினம்.”

“நாள் தப்பாமல் பிறந்தது அக்கா. வலபியும் சின்னக் கங்காருதானே, அந்த இனத்திலை எல்லாம் இப்பிடித்தான்.”

தவமலர் குறைமாசம் என்ற சொல்லை வெட்டினாள். நம்பி வெட்டவில்லை. ரீச்சர் சொன்னதால் வெட்டினாள்.

“இப்ப முன்னங்கையைப் பாருங்கோ.”

தவமலர் நுண்ணோக்கியில் குனிந்தாள்.

“விரல் இருக்கு. நகமும் இருக்கு. அட, தோளைப் பாருங்கோ, சண்டியன்ரை தோள்!”

“வாய்?”

“வாயும் சரி.”

“பிறந்த உடனை இதுக்கு என்ன வேலை தெரியுமோ?” வினோதினியே பதிலும் சொன்னாள்.

“தாயின்ரை வயித்து மயிரைப் பிடிச்சுப் பிடிச்சுப் பைக்கு ஏற வேணும். ஏறி முலையைக் கவ்வ வேணும்.”

“தாய் தூக்கி விடாதோ?”

“விடாது. தனியத்தான்,” என்ற வினோதினி தொடர்ந்தாள்.

“எலிக் கருவிலை கையும் காலும் கிட்டத்தட்டச் சோடியா வளரும். இவையின்ரை பரம்பரையிலை, எத்தினையோ கோடி வருசத்துக்கு முதல், கை முந்திப் போச்சு. வாயும் முந்திப் போச்சு. கால் பிந்திச்சுது. மூளைகூடக் கொஞ்சம் பொறுத்துத்தான்.”

“மூளையுமோ?”

“மூளையும்தான்.”

“பாவம்,” என்றாள் தவமலர். குட்டியைத்தான் சொன்னாளா என்பது எனக்குத் தெரியாது.

வினோதினி வேறொரு போத்தலை எடுத்து வந்தாள். மூடி வெடித்திருந்தது. உள்ளே இன்னொரு குட்டி. பழையது, தொட்டால் தோல் உரிந்து வரும்.

“இதைப் புதுப் போத்தலுக்கு மாத்த வேணும். எனக்கு ரெண்டு தரம் சரிவரேல்லை. வகுப்புப் பிள்ளையள் கிட்டப் போகவே பயப்பிடுதுகள்.”

தவமலர் குட்டியைப் பார்த்தாள். இடுக்கியைப் பார்த்தாள். இடுக்கியைத் தள்ளி வைத்தாள்.

“கொஞ்சம் பஞ்சு தாங்கோ.”

பஞ்சைத் திரியாக உருட்டினாள். நனைத்தாள். குட்டியின் வயிற்றுக்குக் கீழே அதைச் சரித்து விட்டு, மூச்சை அடக்கிக்கொண்டு தூக்கினாள். ஒரு நகம்கூடக் கழலவில்லை. புதுப் போத்தலில் அது மெல்ல இறங்கி நின்றது.

வினோதினி போத்தலைக் குனிந்து பார்த்தாள். அவளுக்குக் கையெடுத்துக் கும்பிட வேண்டும் போல இருந்தது. அவ்வளவு அழகான வேலை.

“இந்தக் கை எப்ப வளர்ந்தது அக்கா?”

“என்ன கேள்வி இது ரீச்சர்.”

“சொல்லுங்கோவன்.”

தவமலர் பஞ்சுத் திரியை விரலில் வைத்துக்கொண்டு நின்றாள்.

“பதினொரு வயசிலை. அம்மா செத்த கிழமை. தம்பிக்கு அப்ப இருபது நாள். போத்தில் பால் குடிக்கத் தெரியாது அவனுக்கு. பஞ்சை நனைச்சு, நனைச்சு, வாயிலை சொட்டுச் சொட்டா விடுவன். கொஞ்சம் கூடினால் புரைக்கேறும். இரவு பகல் பாக்கிறேல்லை. பள்ளிக்கூடம் அதோடை சரி.”

“தம்பி இப்ப?”

“கனடாவிலை. ரெண்டு பிள்ளையளுக்குத் தகப்பன். என்னைத் தூக்கிச் சுத்துவான், தடியன்.”

சிரித்தாள். சிரிப்பு முடிய முன்பே கண் நிறைந்து வழிந்தது. புறங்கையால் துடைத்தாள், துடைக்கத் துடைக்க வந்தது. முப்பத்தாறு வருடத்தில் அதைப் பற்றி ஒருவரும் அவளைக் கேட்டதில்லை.

வினோதினி தண்ணீர் எடுத்துக் கொடுத்தாள்.

குடித்துவிட்டுத் தவமலர் புதுப் போத்தலை வெளிச்சத்துக்கு உயர்த்திப் பிடித்தாள். கையிரண்டையும் முன்னே நீட்டியபடி குட்டி மிதந்தது.

“இதுகளின்ரை கண் எப்ப திறக்கும் ரீச்சர்?”

“ஐஞ்சு மாசம் மட்டிலை செல்லும்.”

“கால்?”

“அதுவும் மெல்லத்தான் வளரும்.”

“அதுவரைக்கும் என்ன செய்யும்?”

“பைக்குள்ளை இருக்கும்.”

சுவர் மணிக்கூட்டில் நான்காகப் பத்து நிமிடம்.

வினோதினி எழுந்தாள். தான் இருந்த நாற்காலியை நுண்ணோக்கிக்குக் கிட்ட இழுத்துப் போட்டாள்.

“இருங்கோ அக்கா.”