பிரதான ஆசாரியர் எப்போது சாவார்?

“ஐயா, இந்தப் பிரதான ஆசாரியர் எப்பத்தான் சாவார்?” என்று கேட்டான் ஏசேர்.

குரு மல்கியா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். “என்ன அவசரம்?”

“ஒன்பது வருஷமாச்சு. அவசரப்படாம?”

ஏசேர் விறகுவெட்டி. ஓங்கிய கோடரியின் இரும்பு காம்பிலிருந்து கழன்று பறந்து, பக்கத்தில் நின்ற சிநேகிதனைக் கொன்றுவிட்டது. அன்றைக்கே இந்த அடைக்கலப் பட்டணத்துக்குள் ஓடிவந்தவன்தான். வாசலைத் தாண்டினால் செத்தவனின் தம்பி வெட்டலாம், கேட்பாரில்லை. எருசலேம் ஆலயத்தின் தலைவரான பிரதான ஆசாரியர் இறந்தால் மட்டும் பழி தீர்ந்துவிடும். தைரியமாக வீட்டுக்குப் போகலாம். சட்டம் அப்படி.

அந்தத் தம்பியும் லேசுப்பட்டவன் இல்லை. வாசலுக்கு எதிரே அத்திமரத்தடியில் குடிசையே போட்டுவிட்டான்.

“அதான் தினம் மூணு வேளை ஜெபம் பண்றேன். பெரியவரைச் சீக்கிரம் கூப்பிட்டுக்கோ ஆண்டவரேன்னு.”

“பலன் தெரியுதா?”

“இருமல் வந்திருக்காம். இப்படி.”

ஏசேர் முதுகை வளைத்து, தாடியைப் பிடித்துக்கொண்டு, இருமி இருமி ஆசீர்வாதம் கொடுத்தான். வாசல் காவல்காரர்கள் உருண்டு சிரித்தார்கள்.

“முதுகு அவ்வளவு வளையாது,” என்றார் மல்கியா. “இடது கையால நெஞ்சைப் பிடிச்சுக்கோ.”

ஏசேர் பிடித்துக்கொண்டு இருமினான். இன்னும் நன்றாக வந்தது.

பத்தாம் நாள் எருசலேமிலிருந்து அஞ்சல்காரன் மூச்சிரைக்க ஓடிவந்தான். பிரதான ஆசாரியர் இறந்துவிட்டார்.

அத்திமரத்தடியில் தம்பி அரிவாளைக் கீழே போட்டுவிட்டுக் குடிசையைப் பிரிக்கத் தொடங்கினான். ஏசேர் ஒரு குதி குதித்து, மூட்டையைத் தூக்கிக்கொண்டு குருவிடம் சொல்லிக்கொள்ள ஓடினான்.

மல்கியா வெறுந்தரையில் உட்கார்ந்திருந்தார். மேலங்கி கிழிந்திருந்தது. தலையெல்லாம் சாம்பல்.

“என்னங்கய்யா இது?”

“அண்ணன் போயிட்டார்டா.”

“எந்த அண்ணன்?”

“உன் இருமல்காரர்.”

மூட்டை கைநழுவி விழுந்தது.

“ஐயா… ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.”

“சொல்லியிருந்தா ஜெபத்தை நிறுத்தியிருப்பே.”

 

“நான் வேண்டிக்கிட்டது அவருக்குத் தெரியுமா?”

“முதல் வருஷமே எழுதினேன். ஏசேர்னு ஒரு விறகுவெட்டி, உங்க சாவுக்காக மூணு வேளையும் ஜெபம் பண்றான்னு.”

“கோபப்பட்டாரா?”

“பதில் போட்டார்.”

“என்னன்னு?”

மல்கியா எழுந்து, விழுந்த மூட்டையை எடுத்து அவன் தோளில் வைத்தார்.

“ஆமென்னு.”